தேரிக்காட்டுத் தேவாலயங்கள்: பார்க்க வேண்டிய ஐந்து ஊர்கள்

தமிழ்நாட்டில் பழைய தேவாலயம் எது என்று கேட்டால் வேளாங்கண்ணி, சாந்தோம், பூண்டி மாதா என்று உடனே பதில் வரும். எல்லாமே பெரிய கோவில்கள், எல்லாமே கூட்டம் கூடும் இடங்கள். ஆனால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகளையும் லாட்ஜ்களையும் தாண்டி, பனங்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் தேவாலயங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஐந்து ஊர்களைப் பற்றியது. திருச்செந்தூரிலிருந்து மேற்கே வள்ளியூர் வரை ஒரு கோடு போட்டால் இந்த ஐந்து ஊர்களும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். நான்கு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் செம்மண் பூமியிலும் மணல் வெளியிலும், ஒன்று கடற்கரையிலும் இருக்கின்றன. இந்தச் செம்மணல் மேடுகளைத்தான் 'தேரி' என்கிறார்கள். தண்ணீர் குறைவு, நெல் விளையாது, பனை மட்டும் நிற்கும். அந்தப் பனையை ஏறியவர்களும், பக்கத்துக் கடலில் முத்துக் குளித்தவர்களும்தான் இந்தக் கோவில்களின் உண்மையான சொந்தக்காரர்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டடக் கலைக்காக மட்டும் இந்தக் கோவில்களைப் பார்க்கப் போனால் பாதிதான் கிடைக்கும். யார் கட்டினார்கள், யார் உள்ளே வந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற கேள்வியோடு போனால், தென் தமிழகத்தின் ஐந்நூறு வருட சமூக வரலாறு அந்தச் சுவர்களிலேயே தெரியும்.

1. மணப்பாடு: மணல் குன்றின் மேல் ஒரு சிலுவை

திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 18 கி.மீ. போனால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1581-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதாவது திருமலை நாயக்கர் மகால் கட்டப்படுவதற்கும் அரை நூற்றாண்டு முன்னால்!

கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் பெரிய நெருக்கடியில் இருந்தார்கள். முத்துக் குளிக்கும் உரிமைக்காக மற்ற வணிகர்களோடு மோதல். அப்போது கொச்சியில் இருந்த போர்த்துகீசியர்களிடம் பாதுகாப்பு கேட்டுத் தூது போனார்கள். அதைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரை கடலோர ஊர்கள் பல மொத்தமாகத் திருமுழுக்குப் பெற்றன. நம்பிக்கையைவிடப் பாதுகாப்புத் தேவைதான் அன்று முதல் காரணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைப்பதில்லை. மதம் மாறியவர்களுக்கு வேதம் சொல்லித்தர ஆளே இல்லாமல் சில வருடங்கள் ஓடின.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. முக்கியமான செபங்களை உள்ளூர்க்காரர்களின் உதவியோடு தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மணப்பாட்டுக் குன்றின் கடல் பக்கச் சரிவில் ஒரு குகை இருக்கிறது. சவேரியார் தங்கி செபித்த இடம் என்று ஊர் மக்கள் அதைப் போற்றுகிறார்கள்.

1544-ல் வடுகர் படை தெற்கே பாய்ந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்குத் தப்பி ஓடினார்கள். சோறும் தண்ணீரும் இல்லை. அந்தச் சமயத்தில் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப்பொருட்களோடு கிளம்பியதை அவர் எழுதிய கடிதமே சொல்கிறது. அதே கடிதங்களில் போர்த்துகீசிய அதிகாரிகள் மக்களுக்குச் செய்த கொடுமைகளைப் பற்றிய புகார்களும் இருக்கின்றன. பாதுகாப்புக்கு அழைத்தவர்களே சுரண்டியதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி.

கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவன் பாய்மரத் துண்டில் செய்து நட்ட சிலுவைதான் இந்தக் கோவிலுக்கு ஆரம்பம் என்று ஒரு மரபு உண்டு. செப்டம்பர் 14-ல் முடியும் திருவிழாவின்போது குன்று முழுக்க மனிதத் தலைகள்தான். மற்ற நாட்களில் போனால் கடல் சத்தமும் காற்றும் மட்டும் இருக்கும்.

2. முதலூர்: பெயரிலேயே வரலாறு

மணப்பாட்டை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பனங்காடு ஆரம்பம். இங்கிருப்பவை புராட்டஸ்டண்ட் ஊர்கள். கத்தோலிக்க ஊரில் 'கோவில்' என்பார்கள், இங்கே 'ஆலயம்' அல்லது 'சர்ச்'. அங்கே பங்குச் சாமியார், இங்கே ஐயர். பேச்சைக் கேட்டாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதலூருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே உருவான முதல் ஊர் இதுதான். ஆண்டு 1799.

தஞ்சாவூருக்குப் போய் அங்கே கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞர், உபதேசியாராகச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி வந்தார். அவருடைய பேச்சைக் கேட்டுச் சிலர் சேர்ந்தார்கள். உடனே எதிர்ப்பும் வந்தது. பனையேறிகளுக்குச் சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கும் மனையும் ஏறும் பனையும் பெரும்பாலும் வேறொருவருடையவை. நில உடைமையாளர் கோபப்பட்டால் வீட்டையும் பிழைப்பையும் ஒரே நாளில் இழக்க வேண்டியதுதான். அதனால் தனியாக நிலம் வாங்கி, முப்பதுக்கும் குறைவானவர்கள் குடியேறினார்கள். அதுவே முதலூர். தாவீது சுந்தரானந்தம் எதிரிகளால் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

இந்த வழி பின்னால் ஒரு திட்டமாகவே மாறியது. பாளையங்கோட்டையில் 1820 முதல் பணிசெய்த ரேனியஸ் ஐயர், 1830-ல் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். துரத்தப்பட்டவர்களுக்கு மனை வாங்கித் தருவது அதன் வேலை. இந்தப் பக்கத்துப் பஸ் போர்டுகளைப் படித்துப் பாருங்கள்: நாசரேத், சாயர்புரம், டோனாவூர், சுவிசேஷபுரம்... வேதாகமத்தில் வரும் பெயரோ, நிலம் வாங்க உதவியவர் பெயரோ ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயர்புரம் என்பது சாயர் என்ற வியாபாரியின் பெயர். டோனாவூர் என்பது நன்கொடை கொடுத்த ஒரு ஜெர்மானியப் பிரபுவின் பெயர். 'புரம்' என்று முடியும் பல ஊர்கள் அடைக்கல ஊர்கள்தான்.

முதலூரில் ஆலயத்தைப் பார்த்த பிறகு இன்னொரு காரியமும் பாக்கி இருக்கிறது. தேங்காய்ப் பாலில் செய்யும் மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊர் இது. திருநெல்வேலி அல்வாவை மட்டுமே தெரிந்தவர்கள் அவசியம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்!

3. மெஞ்ஞானபுரம்: மணல்வெளியில் 192 அடி

உடன்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது மெஞ்ஞானபுரம். பழைய பெயர் நெடுவிளை. இங்குள்ள பரிசுத்த பவுலின் ஆலய கோபுரத்தின் உயரம் 192 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஊரே தெரியாத தூரத்திலிருந்து பனை உச்சிகளுக்கு மேலே கோபுரத்தின் கூர்முனை மட்டும் தெரியும்.

வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் 1830களின் கடைசியில் இங்கே குடியேறினார். 1870-ல் இறக்கும்வரை முப்பது வருடங்களுக்கு மேல் இந்த ஊர்தான் அவருக்கு எல்லாம். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் கிணறுகள் வெட்டி, மரங்கள் வைத்து, தெருக்கள் போட்டு, பள்ளிக்கூடங்கள் கட்டினார். ஆலய வேலை 1840களில் தொடங்கியது. கோபுரம் முடிய மேலும் பல வருடங்கள் ஆயின.

இவ்வளவு பெரிய ஆலயம் ஒரு சின்ன கிராமத்துக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தக் காலத்தில் பல பெரிய கோவில்களின் வாசலுக்குள்ளேயே நுழைய முடியாதவர்கள் இந்த மக்கள். அதே ஜில்லாவில் பக்கத்தில் இன்னொரு கோபுரம், அதற்குள் அவர்கள் முன்வரிசையில் உட்காரலாம், அவர்கள் பிள்ளைகள் பாடலாம் என்றால், அந்த உயரத்துக்கு வேறொரு அர்த்தம் வருகிறது. வெளிநாட்டு நன்கொடை இல்லாமல் இது எழும்பியிருக்காது. ஆனால் கோபுரத்தைத் தங்களுடையது என்று அந்த மக்கள் நினைத்ததற்குக் காரணம் பணம் அல்ல.

4. இடையன்குடி: 33 வருடம் கட்டிய ஆலயம்

திசையன்விளைக்குப் பக்கத்தில் இடையன்குடி. தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்று இந்த ஊரோடு சேர்ந்தது: ராபர்ட் கால்டுவெல். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். அந்த நூலை எழுதிய காலத்தில் அவர் ஒரு பல்கலைக்கழகத்திலும் இல்லை. இந்தப் பனங்காட்டுக் கிராமத்தில்தான் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1838-ல் சென்னைக்கு வந்த கால்டுவெல், மக்களைத் தெரிந்துகொள்வதற்காகத் தெற்கு நோக்கி நடந்தே கிளம்பினார். 1841-ல் இடையன்குடி வந்து சேர்ந்தார். நேரான தெருக்களோடு ஊரைத் திட்டமிட்டார், கிணறு வெட்டினார். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி ஒருவரின் மகள். நன்றாகத் தமிழ் பேசத் தெரிந்தவர். பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையையும் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது.

பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் போடப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6-ல். இடையில் 33 வருடங்கள்! காரணம் எளிது: பணம் வரும்போது வேலை நடக்கும், தீர்ந்தால் நிற்கும். கூர் வளைவு ஜன்னல்களை அந்த ஊர்க் கொத்தனார்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்றும், அதைப் பார்த்து அவர்கள் செதுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். உள்ளே போனால் அந்த ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஐரோப்பாவில் பிறந்த ஒரு பாணியைத் திருநெல்வேலிக் கை எப்படிக் கற்றுக்கொண்டது என்பது அதில் இருக்கிறது.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து இதே ஆலயத்தின் பீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடும் இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது.

பாராட்டுவதோடு இந்தக் கதை முடிந்துவிடக் கூடாது. 1849-ல் கால்டுவெல் இந்தப் பகுதி நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களை இழிவாகவும் வந்தேறிகளாகவும் சித்தரித்த பகுதிகள் இருந்தன. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற அடுத்த தலைமுறை அதைப் படித்தது, கொதித்தது. கண்டனங்களும் மனுக்களும் பறந்தன. கடைசியில் நூல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவர் கட்டிய பள்ளிகளில் படித்த மக்களே அவருடைய நூலைத் தட்டிக் கேட்டார்கள். ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பாடமும் இல்லை, ஒருவகையில் இதைவிடப் பெரிய வெற்றியும் இல்லை.

5. வடக்கன்குளம்: இடிக்கப்பட்ட சுவர்

கடைசி ஊர், வள்ளியூருக்குத் தெற்கே இருக்கும் வடக்கன்குளம். பழைய கத்தோலிக்க ஊர். 1745 மே மாதம் நீலகண்டன் என்பவர் இங்கே வந்து திருமுழுக்குப் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்தவர் அவர். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தவர். திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் தேவசகாயம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆனால் இந்த ஊர்க் கோவிலுக்கு இன்னொரு கதை உண்டு. 1870களில் இங்கே பெரிய கோவில் கட்டும் வேலை தொடங்கியபோது எழுந்த முதல் கேள்வி, எந்தச் சாதி எங்கே உட்காருவது என்பதுதான். வெள்ளாளர்கள் நாடார்களோடும் மற்றவர்களோடும் சேர்ந்து உட்கார மறுத்தார்கள். அதற்குக் கண்ட தீர்வு விநோதமானது. ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் போல விரியும் இரண்டு மண்டபங்கள், நடுவே தடுப்பு. ஒரு பக்கம் ஒரு சாதி, மறு பக்கம் மற்றவர்கள். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டம் மறு கூட்டத்தைப் பார்க்காது! வெளியூர்க்காரர்கள் இதைக் கால்சட்டைக் கோவில் என்று கேலி செய்தார்கள்.

சாதியை எதிர்த்துப் பேசிய சபையே சாதிக்காகக் கட்டடத்தை வளைத்த இடம் இது. மணப்பாட்டிலும் முதலூரிலும் அடைக்கலம் தந்த அதே மதம், இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பிரிவினையைக் கட்டிக் கொடுத்தது.

1910-ல், திருச்சி ஆயர் பார்த் அவர்களின் காலத்தில், அந்தத் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு சும்மா விடவில்லை. தங்களுக்குத் தனியிடம் பாரம்பரிய உரிமை என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் அவர்கள் தோற்றார்கள். கோவிலுக்குள் சாதி அடிப்படையில் தனியிடம் என்பது சட்டம் காப்பாற்றித் தரவேண்டிய உரிமை அல்ல என்று முடிவானது. வைக்கம் போராட்டம் 1924-ல், மதுரை மீனாட்சியம்மன் கோவில் நுழைவு 1939-ல். அவற்றுக்கெல்லாம் முன்பே நடந்தது இந்த வழக்கு. ஆனாலும் வைக்கம் தெரிந்த அளவுக்கு வடக்கன்குளம் யாருக்கும் தெரியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கு முன்னால், அவருடைய பெயருக்குப் பின்னால் வழங்கிவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியது. அந்தக் கோரிக்கை தமிழ்நாட்டிலிருந்தே போனது. சுவர் இடிந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் பெயரில் ஒட்டியிருந்த சுவரை இடிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் சாதிவாரியாகவே இருக்கின்றன என்பதையும் மறந்துவிட முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு மணப்பாடு, மெஞ்ஞானபுரம், முதலூர் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். மறுநாள் திசையன்விளை வழியாக இடையன்குடி, அங்கிருந்து வடக்கன்குளம். டவுன் பஸ் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் வண்டி எடுப்பது நல்லது.

வார நாட்களில் ஆலயம் பூட்டியிருந்தால் ஏமாந்து திரும்ப வேண்டாம். பக்கத்திலேயே ஐயர் வீடோ, பங்குச் சாமியார் இல்லமோ இருக்கும். கேட்டால் திறந்து காட்டுவார்கள், கதையும் சொல்வார்கள். செருப்பை வெளியே விடுங்கள். ஆராதனையும் பூசையும் நடக்கும்போது போட்டோ எடுக்க வேண்டாம். கோடையில் போனால் வழியில் பதநீர் கிடைக்கும். உடன்குடி கருப்பட்டியை வாங்காமல் திரும்புவது பாவம்!

முடிந்தால் ஏதாவது ஒரு ஊரின் பிரதிஷ்டைப் பண்டிகை சமயத்தில் போங்கள். தெற்கத்தித் தென்னிந்தியத் திருச்சபை ஊர்களில் அன்று அசனம் உண்டு. பெரிய பெரிய அண்டாக்களில் ஊரே சேர்ந்து சமைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் இந்த மண்ணில் ஒரே பந்தி என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இப்போது பல ஊர்களில் பழைய ஆலயம் சின்னதாகிவிட்டது என்று இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுகிறார்கள். மக்கள் பெருகும்போது இடம் தேவைப்படுவது இயல்புதான். ஆனால் 33 வருடம் கட்டிய சுவரையும், இடிக்கப்பட்ட சுவரின் தடத்தையும் புது டைல்ஸ் சொல்லாது. அடுத்த முறை திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ போகும்போது, மெயின் ரோட்டை விட்டு ஒரு நாள் உள்ளே திரும்பிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாறு பனைகளுக்கு நடுவே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.